சுத்தியலில் ஒரு மூக்கு, ஸ்லைடுக்குள் ஓர் ஊசி

இடப்பக்கம் இருப்பது 1873-ஆம் ஆண்டு மாடல் கோல்ட் ரிவால்வர். சுத்தியலின் முகத்தைப் பாருங்கள்: கூர்மூக்கு போல ஊசி அதிலேயே பொருத்தப்பட்டிருக்கிறது. சுத்தியல் முழுதாக இறங்கியிருந்தால் ஊசிமுனை தோட்டாவைப் பற்றவைக்கும் பிரைமர் மீதே படிந்திருக்கும். துப்பாக்கி கை நழுவி விழுந்தாலே வெடித்துவிடலாம். அதனால் விவரம் அறிந்தவர்கள் ஆறு அறைகளில் ஐந்தை மட்டும் நிரப்பி, காலி அறையின் மேல் சுத்தியலை இறக்கி வைத்தார்கள்.

வலப்பக்கம், ஜான் பிரௌனிங் வடிவமைத்த எம்1911 பிஸ்டல். இதில் ஊசி தனித்துண்டு. ஸ்லைடுக்குள் சுருள்வில்லோடு மறைந்திருக்கிறது.

ஊசியின் நீளம் அது ஓடும் துளையைவிடச் சற்றுக் குறைவு; அதனால் சுத்தியல் இறங்கியிருந்தாலும் முனை பிரைமரைத் தொடாது. எத்தனை அழகான யோசனை! சுத்தியல் தட்டிய வேகத்திலேயே ஊசி முன்னே பாய்ந்து பிரைமரைக் குத்தும். வில் உடனே பின்னுக்குத் தள்ளிவிடும். முனை நீட்டிக்கொண்டே நின்றால், அடுத்த தோட்டா மேலேறி வருவதற்கு அதுவே முட்டுக்கட்டையாகிவிடும்.