முதல் மூச்சும் கொழுப்பும்

தாயின் வயிற்றிலுள்ள சிசுவிற்கு நுரையீரல் உண்டு. அதனுள் காற்று இல்லை. ஒருவகை நீரே அதனை நிறைத்திருக்கின்றது. வேண்டிய பிராணவாயுவைச் சிசு கொப்பூழ்க்கொடி வழியாகத் தாயினிடமிருந்தே பெறுகின்றது. பிறந்த சில நிமிஷங்களுக்குள் இந்நிலை அடியோடு மாறுதல் வேண்டும். நீர் விலகிக் காற்றுப் புகுதல் வேண்டும். மூச்சு வெளியேறியபின்னும் நுரையீரலின் நுண்ணறைகள் ஒட்டிக்கொள்ளாது திறந்து நிற்றலும் வேண்டும். இவ்விரண்டனுள் பின்னதே அரிது.

அரிதாதற்குக் காரணம் யாது? சேம்பிலைமேல் விழுந்த நீர் பரவாது உருண்டு திரள்வதை நாம் கண்டிருக்கின்றோம். நீரின் மேற்பரப்பு எப்பொழுதும் தன்னைச் சுருக்கிக்கொள்ளவே முயல்கின்றது. நுண்ணறைகளின் உட்சுவரில் படிந்துள்ள மெல்லிய நீர்ப்படலமும் அவ்வாறே அறைகளைச் சுருக்க முயலும். அறை சிறிதாக ஆக அதனைத் திறந்து வைத்தற்கு வேண்டும் அழுத்தமோ பெருகும். ஸ்விட்சர்லாந்தில் பணிபுரிந்த வான் நீர்கார்டு என்பார், காற்றால் விரிப்பதினும் நீர்மத்தால் நுரையீரலை விரிப்பது எளிதென்று 1929-இல் சோதித்துக் காட்டினார். அவர் கட்டுரையை ஏறக்குறைய கால் நூற்றாண்டு ஒருவரும் பொருட்படுத்தவில்லை. 1957-இல் கிளெமென்ட்ஸ் என்பார் நுரையீரற் சாற்றில் மேற்பரப்பின் இழுவிசையைத் தணிக்கும் பொருளொன்று உண்டென அளந்து காட்டினார். 1959-இல் ஏவரி அம்மையாரும் மீட் என்பாரும், மூச்சுத் திணறி இறந்த குறைமாதக் குழந்தைகளின் நுரையீரலில் அப்பொருள் போதிய அளவில் இல்லையென்று கண்டனர்.

அப்பொருளிற் பத்தில் ஒன்பது பங்கு கொழுப்பு, எஞ்சியது புரதம். கொழுப்பினுள் தலைமையானது பாஸ்படிடைல்கோலின். நுண்ணறைச் சுவரிலுள்ள ஒருவகை உயிரணுக்கள் இதனைச் செய்து, ஏடுகளை அடுக்கினாற்போன்ற சிறு பொதிகளாகச் சேமித்து வைக்கின்றன.

இதனைச் செய்யும் வழியில் மூன்று படிகள் உள. அவற்றுள் நடுப்படியே மிகவும் மெதுவானது. ஆதலின் முழு வேலையின் வேகமும் அதனையே பொறுத்தது. அப்படியை நடத்தும் நொதிக்குச் சிடிடைலில்ட்ரான்ஸ்பரேஸ் என்பது பெயர். நாவிற்கு இரக்கங் காட்டி அதனை இடைநொதி என்போம். இந்நொதி உயிரணுவின் நீர்ப்பகுதியில் திரியும்போது பெரும்பாலும் சோம்பியிருக்கும். கொழுப்பமிலங்களேனும் பாஸ்படிடைல்கிளிசரால் என்னும் கொழுப்பேனும் செறிந்த சவ்வினை அடையின், நொதியின் ஒரு பகுதி திருகுசுருளாய் வளைந்து அச்சவ்வினுட் பதியும். உடனே நொதி விழித்துத் தொழில் செய்யும். எலிக்கருவின் நுரையீரற் சாற்றிற் பாஸ்படிடைல்கிளிசராலைச் சேர்த்தபோது இந்நொதியின் வேகம் பெருகியதை ஆராய்ச்சியாளர் கண்டனர். சவ்வில் பாஸ்படிடைல்கோலின் குறையின் நொதி மிகுதியாகச் சென்று ஒட்டும், நிறையின் விலகும். களஞ்சியம் நிறைந்ததோ இல்லையோ என்பதை வேலையாளே தொட்டுப் பார்த்து அறிவது போன்றது இது.

பிறப்பு நெருங்குங்கால் சிசுவின் உடலிற் கார்ட்டிசால் என்னும் சுரப்புநீர் பெருகும். அது இடைநொதியின் அளவைக் கூட்டுவதினும், நுரையீரலிற் கொழுப்பமிலம் செய்யும் நொதியைப் பெருக்குவதே மிகுதி. அங்ஙனம் பிறந்த கொழுப்பமிலம் ஒருபால் மூலப்பொருளாகின்றது; மற்றொருபால் இடைநொதியைத் தட்டி எழுப்பும் கோலாகின்றது. ஒரே பொருள் இருதொழில் புரியும் இந்த ஏற்பாடே எமக்குப் பெருவியப்பைத் தருகின்றது.

இதனை அறியாத காலத்தின் துயரம் சிறிதன்று. 1963 ஆகஸ்டில் அமெரிக்கத் தலைவர் கென்னடியின் மகன், ஐந்தரை வாரம் முந்திப் பிறந்து, இரண்டு நாளில் இந்நோயால் மாண்டான். நாட்டின் தலைவருக்கும் அன்று மருந்து இருந்ததில்லை. நியூசிலாந்தில் லிக்கின்ஸ், ஹோவி என்னும் இருவர், குறைமாதப் பேறு நேரக்கூடிய 282 தாய்மாருள் ஒருசாரார்க்குப் பீட்டாமெத்தசோனை ஊசிவழி செலுத்தி, அவர்தம் குழந்தைகளிடம் இந்நோய் குறைந்ததென 1972-இல் வெளியிட்டனர். 1980-இல் ஜப்பானியரான பூஜிவாரா, மாட்டின் நுரையீரலினின்று எடுத்த பொருளைப் பத்துக் குழந்தைகளின் மூச்சுக்குழலுட் செலுத்தினார்; அவர்தம் மூச்சு சில மணி நேரத்திற்குள்ளேயே சீர்ப்பட்டது. இன்று இவ்விரு முறைகளும் வழக்கில் உள்ளன: முன்னது பேற்றுக்கு முன் தாய்க்கு, பின்னது பிறந்தபின் சேய்க்கு.