பெரிதும் சிறிதும் காணும் பொறிக்கண்

ஸ்பிரிங்வெளியிலிருந்து பதுளைக்கு இறங்கும் பாதையின் வளைவொன்றில் நின்று பார்ப்போமாயின், பத்தடி தூரத்திலுள்ள தேயிலைச் செடியின் கொழுந்துகளை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம். சற்று அப்பால், கூடை சுமந்த பெண்கள் நிரையிலே நின்று கொழுந்து கொய்வர். அதற்கும் அப்பால், எதிர்ச்சரிவில், லயங்கள் தீப்பெட்டிகளை அடுக்கிவைத்தாற்போலத் தோன்றும். இவை அனைத்தையும் நமது கண் ஒரே நோக்கில் கண்டுகொள்கிறது. எதிர்மலையில் அசையும் ஒரு சிறு புள்ளி கொழுந்து கொய்யும் பெண்ணே என்று நாம் துணிவது, அப்புள்ளியில் முகமோ கையோ தெரிவதனால் அன்று; தேயிலை நிரைகளின் நடுவே, ஏனைய புள்ளிகளோடு வரிசையாக, அது மெல்ல நகர்வதனாலேயே ஆகும்.

ஓர் இயந்திரத்திற்குப் படத்தைக் கொடுத்து, "இதில் என்னென்ன பொருள்கள் எங்கெங்கே உள்ளன?" என்று வினவினால், அதற்கு மிகக் கடினமாய் அமைவது இந்தப் பெரிது சிறிது என்னும் வேறுபாடே. ஒரே பொருள் இருமடங்கு தூரத்திற்குச் சென்றால் அதன் உருவம் நான்கிலொரு பங்காகிறது. பத்து மடங்கு சென்றால் நூறிலொரு பங்காகிறது. நூறு மடங்கு வேறுபட்ட உருவங்களை ஒரே பெயரால் அழைக்க இயந்திரத்தைப் பழக்குவது எங்ஙனம் என்பதை ஈண்டு ஆராய்வோம். இது வெறும் பொறியியற் புதிர் அன்று; ஊவா மலைகளில் வாழ்வோர்க்கு உயிரோடு தொடர்புடைய வினா என்பது பின்னர் விளங்கும்.

கணினிக்குப் படம் என்பது எண்களின் கட்டமே. சதுரங்கப் பலகை போன்ற அக்கட்டத்தின் ஒவ்வோர் அறையும் ஒரு படப்புள்ளி. அதன் ஒளியும் நிறமும் எண்களாகப் பதிந்துள்ளன. நரம்பு வலையமைப்பு என்பது இவ்வெண்களைப் படிப்படியாகக் கூட்டியும் பெருக்கியும் ஆராயும் கணித அமைப்பு. 1980இல் யப்பானியராகிய குனிஹிக்கோ புகுஷிமா, விலங்குகளின் பார்வை நரம்புகளைப் பற்றிய அறிவைத் துணைக்கொண்டு இத்தகைய ஓர் அமைப்பை வகுத்தார். 1989இல் யான் லெகுன் என்பாரும் அவர்தம் துணைவர்களும் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில், கடித உறைகளிற் கையால் எழுதப்பட்ட அஞ்சற் குறியெண்களை வாசிக்க அதனைப் பழக்கினர்.

இதன் வேலைமுறையை இவ்வாறு கூறலாம். சிறிய சல்லடை ஒன்று படத்தின்மேல் இடமிருந்து வலமாக நகர்ந்து செல்கிறது. ஒரு சல்லடை நேர்விளிம்பைக் கண்டால் துலங்கும். இன்னொன்று வளைவைக் கண்டால் துலங்கும். இவ்வாறு கிடைத்த கட்டங்களை அடுத்த படியின் சல்லடைகள் ஆராயும். விளிம்பிலிருந்து மூலை, மூலையிலிருந்து கூரை, கூரையிலிருந்து வீடு என அறிவு ஏறிச் செல்கிறது. எந்தச் சல்லடை எதனைத் தேடவேண்டும் என்று யாரும் எழுதி வைப்பதில்லை. பல்லாயிரம் படங்களை விடைகளோடு காட்டப் பிழை குறையும் வண்ணம் எண்கள் தாமே திருத்தமுறுகின்றன.

இடர்ப்பாடு இங்கேதான் தொடங்குகிறது. மேற்படிகளுக்குச் செல்லுந்தோறும் கட்டத்தை அரைவாசியாகச் சுருக்குவது வழக்கம். கணக்கு வேலை குறைவதோடு, ஒவ்வோர் அறையும் படத்தின் பெரும்பகுதியை நோக்கும் ஆற்றலையும் பெறுகிறது. 416 புள்ளி அகலமுள்ள படம் ஐந்து முறை அரைவாசியானால் 13 அறைகளே எஞ்சும். அதாவது, மூலப் படத்தில் 32 புள்ளி அகலமுள்ள சதுரம் முழுவதும் ஓர் அறைக்குள் ஒடுங்கிவிடுகிறது. அருகில் நிற்கும் பேருந்து பல அறைகளை நிரப்பும்; அதனைக் காண்பதில் இடரில்லை. தூரத்து மனிதனோ பத்துப் புள்ளி உயரம் உள்ளவனாயின், ஓர் அறையின் மூலையிற் கரைந்து போகிறான். மேற்படிக்குப் பொருளின் பெயர் தெரியும், ஆனால் சிறியது தெரியாது. கீழ்ப்படிக்குச் சிறியது தெரியும், ஆனால் பெயர் தெரியாது. ஊரைச் சுற்றிப் பார்க்காத பண்டிதரும், எழுத்தறியாத வழிகாட்டியும் தனித்தனியே இருந்தாற் போன்ற நிலை இது.

நரம்பு வலைகள் பரவுமுன்னரே இவ்விடருக்கு ஒரு மருந்து இருந்தது. ஒரே படத்தை முழு அளவிலும், அரை அளவிலும், கால் அளவிலுமாகப் பல பிரதிகள் செய்து, கோபுரத்தின் நிலைகளைப் போல அடுக்கிக்கொள்வர். 1983இல் பேர்ட், அடெல்சன் என்னும் இருவர் இத்தகைய படக்கோபுரத்தை வகுத்துக் காட்டினர். ஒரே அளவான சல்லடையை எல்லா நிலைகளிலும் ஓட்டினால், பெரிய முகம் சுருக்கிய பிரதியிலும், சிறிய முகம் முழுப் பிரதியிலும் அகப்படும். 2001இல் முகங்களை விரைவாகக் கண்டறிந்து புகழ்பெற்ற வயோலா, ஜோன்ஸ் என்போர் படத்தைச் சுருக்காமற் சல்லடையையே பெருப்பித்தனர். நரம்பு வலைக்குக் கோபுரம் முழுவதையும் ஊட்டுவதோ பெருஞ்செலவு. ஒரு படத்தைப் பார்க்கும் நேரத்தில் அது பல படங்களைப் பார்க்க வேண்டியதாகிறது.

2016இல் வெளியான யோலோ என்னும் முறை படத்தை ஒரே பார்வையில் ஆராய்ந்து விடை சொல்லியது. அதன் வேகம் பலரையும் வியக்கச் செய்தது. ஆயின் அதன் முதல் வடிவம் படத்தை 7க்கு 7 என்ற கட்டமாகவே பிரித்தது. ஓர் அறைக்கு ஒரு வகைப் பொருளே. பறவைக் கூட்டம் போன்ற சிறியவற்றின் திரள் தனக்குப் பிடிபடாதென அதனை ஆக்கியோரே எழுதினர். குறையை மறையாது கூறிய அந்நேர்மையை நாம் மெச்சுகிறோம். அவ்வாண்டிலேயே வந்த எஸ்.எஸ்.டி. என்னும் முறை, வலையின் வெவ்வேறு படிகளிலிருந்து வெவ்வேறு அளவுப் பொருள்களைத் தேடியது. எனினும், கீழ்ப்படிக்குப் பெயரறிவு இல்லையென்ற குறை அதில் தீரவில்லை.

அக்குறையைத் தீர்த்தது 2017இல் லின் என்பாரும் துணைவர்களும் வெளியிட்ட சிறப்பியல்புக் கோபுரம். இதன் கருத்து எளிது. வலை மேலேறிச் சென்றபின், உச்சியில் உள்ள சிறு கட்டத்தை இருமடங்காக விரித்து, அதற்குக் கீழுள்ள படியின் கட்டத்தோடு கூட்டுகிறார்கள். அக்கூட்டுத்தொகையை மீண்டும் விரித்து அதற்கும் கீழுள்ள படியோடு கூட்டுகிறார்கள். உச்சியில் அமர்ந்திருந்த பண்டிதர் படிப்படியாக இறங்கிவந்து, ஒவ்வொரு படியிலும் உள்ள வழிகாட்டியோடு கைகோத்துக்கொள்கிறார் என்க. மூலப் படத்தைப் பலமுறை ஆராயாமலே கோபுரத்தின் பயன் கிடைத்துவிடுகிறது. 2018இல் வந்த யோலோவின் மூன்றாம் வடிவமும் இவ்வழியைத் தழுவி, 13, 26, 52 என்ற மூன்று கட்டங்களில் தேடியது. பின்னர் வந்த பல முறைகளுக்கும் இதுவே அடிப்படை.

சிறியவற்றிற்கு இன்னொரு வகையிலும் அநீதி நேர்கிறது. இயந்திரம் வரையும் சதுரமும் உண்மைச் சதுரமும் எவ்வளவு பொருந்துகின்றன என்பதைப் பொதுப் பரப்பை மொத்தப் பரப்பாற் பிரித்து அளப்பர். பாதிக்குக் குறைந்தால் தவறெனக் கொள்வது வழக்கு. நூற்றுக்கு நூறு புள்ளிச் சதுரம் பக்கவாட்டில் இரண்டு, கீழ்நோக்கி இரண்டு புள்ளி விலகினாற் பொருத்தம் நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு. பத்துக்குப் பத்துச் சதுரம் அதே அளவு விலகினாலோ, பொதுப் பரப்பு 64, மொத்தப் பரப்பு 136; பாதியும் தேறவில்லை. ஒரே சறுக்கல், ஒருவனுக்குச் சித்தி, மற்றவனுக்குத் தோல்வி!

2017இல் ஹூ, தேவா ரமணன் என்னும் இருவர் மிகச் சிறிய முகங்களைக் காணும் வழியை ஆராய்ந்தனர். சிறு முகத்தைக் காண அதனைச் சூழ்ந்த பரப்பையும் இயந்திரம் பார்க்க வேண்டும் என்பது அவர்தம் முடிபுகளுள் ஒன்று. எதிர்மலைப் புள்ளியைப் பெண்ணென்று நாம் துணிந்தது எவ்வாறு என்பதை இங்கு நினைவுகூர்க.

இனி நமது மலைகளுக்கு வருவோம். 2014 ஒக்டோபர் 29ஆம் நாட் காலையில், பதுளை மாவட்டத்துக் கொஸ்லாந்தையை அடுத்த மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது இம்மாவட்டத்தின் பல இடங்களில் மண் சரிந்து பலர் மாண்டனர். பாதைகள் அறுந்து, தொலைபேசி மௌனமாகும் வேளையில், எங்கே சரிந்தது, சரிவின் பாதையில் வீடுகள் உளவா என்பதை வானிலிருந்து எடுத்த படங்களே முதலிற் கூறக்கூடும். 2022இல் நடந்த ஓர் ஆய்வுப் போட்டியில், குடகு, நேபாளம், தாய்வான், யப்பான் ஆகிய இடங்களின் சரிவுகளைச் சென்ரினல்-2 செய்மதிப் படங்களிலிருந்து கண்டறியுமாறு நரம்பு வலைகள் பழக்கப்பட்டன.

அச்செய்மதியின் மிகக் கூர்மையான படத்தில் ஒரு புள்ளி 10 மீற்றர் நிலத்தைக் குறிக்கும். இருநூறு மீற்றர் நீளச் சரிவு இருபது புள்ளிகளாகத் தெரியும். வலை அதனைக் கண்டுகொள்ளும். லயத்தையோ பார்ப்போம். அறையொன்று பத்தடிக்குப் பன்னிரண்டடி எனக் கொண்டு, பக்கத்துக்கு ஆறு அறையாகப் பன்னிரண்டு குடும்பங்கள் முதுகோடு முதுகு சேர்ந்து வாழும் லயத்தின் நீளம் ஏறத்தாழ 22 மீற்றர். படத்தில் அது இரண்டு புள்ளி! பன்னிரண்டு குடும்பங்களின் அடுப்பும் தொட்டிலும் சாமிப்படமும் இரண்டு புள்ளிக்குள் அடங்குகின்றன. எத்துணைத் திறமான வலையும் இரண்டு புள்ளியை நம்பி ஒன்றும் துணிய முடியாது. மலையுச்சியில் முதலில் தோன்றும் அங்குல அகல வெடிப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. அதனைக் காண்பது இன்றளவும் தோட்டத்து மக்களின் கண்ணே.

ஆளில்லாச் சிறு விமானம் தாழப் பறந்து எடுக்கும் படம் இதனினும் பன்மடங்கு தெளிவானது. புள்ளிக்கு 5 சென்ரிமீற்றர் எனக் கொண்டால் லயம் 440 புள்ளி நீளம். மேலிருந்து நோக்கத் தெரியும் மனிதத் தலை நான்கைந்து புள்ளி. 4000 புள்ளி அகலமுள்ள அப்படத்தை, வழக்கம்போல 640ஆகச் சுருக்கி வலைக்குக் கொடுத்தால், லயம் 70 புள்ளியாக எஞ்சும். தலையோ ஒரு புள்ளிக்கும் குறைந்து மறைந்துபோம். கூரைகளை எண்ணிக் கூறி, கூரைமேல் ஏறி நின்று கையசைப்பவனை விட்டுவிடும் இயந்திரத்தினால் மீட்போர்க்கு என்ன பயன்?

ஆகவே, அண்மை ஆண்டுகளில் படத்தைச் சுருக்காமல் துண்டு துண்டாக வெட்டி ஆராயும் முறை கையாளப்படுகிறது. 4000க்கு 3000 புள்ளிப் படத்தை 640 புள்ளிச் சதுரங்களாக வெட்டினால் முப்பத்தைந்து துண்டு வரும். காலமும் அதற்கேற்பக் கூடும். வெட்டுக்கோடு ஒருவரை இரண்டாக்கிவிடாதபடி, அயல் துண்டுகள் ஐந்திலொரு பங்கு ஒன்றன்மேலொன்று படிய வேண்டும். அது 128 புள்ளி, அல்லது ஆறு மீற்றருக்குச் சற்று மேல்; மனிதனுக்குப் போதும், லயத்துக்குப் போதாது. லயம் இரு துண்டுகளிற் பிளவுண்டு இரண்டாக எண்ணப்படலாம். அதனால் முழுப் படத்தையும் ஒருமுறை சுருக்கிப் பார்த்து லயங்களையும் சரிவுகளையும் குறித்துக்கொண்டு, துண்டுகளிலிருந்து மனிதரைக் குறித்து, ஒரே பொருளின்மேல் விழுந்த இரட்டைச் சதுரங்களை நீக்கி, இரண்டு பட்டியல்களையும் ஒன்றாக்குகிறார்கள்.