பட்டியல்களை இணைக்கும்போது தொலையும் பெயர்கள்

சில மாதங்களுக்கு முன் ஒரு சங்கத்தின் உறுப்பினர் பட்டியலையும் சந்தாப் பட்டியலையும் கணினியில் இணைத்து, பாக்கி உள்ளவர்களின் பெயர்களை எடுத்துக் கொடுத்தேன். ஒழுங்காகச் சந்தா கட்டிய ஓர் அம்மையாரின் பெயரும் அதில் வந்துவிட்டது. அவர் ரசீதுடன் நேரில் வந்து நின்றபோது எனக்குத் தலைகுனிவாகப் போயிற்று. இணைப்பில் பிழை எங்கே வரும் என்பதை அன்று பாடமாகக் கற்றேன்.

விவரங்களைத் தனித்தனி அட்டவணைகளாக வைத்துப் பொதுவான மதிப்பைக் கொண்டு தொடர்புபடுத்தும் முறையை 1970-இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் எட்கர் காட் வகுத்தளித்தார். இரண்டு ரயில் பெட்டிகளுக்கு இடையே உள்ள கப்ளிங் போன்றது அந்தப் பொது மதிப்பு. அது சரியில்லை என்றால் வண்டி பிரிந்துவிடும்.

முதல் பிழை, பெயரைக் கப்ளிங்காக வைப்பது. அம்மையாரின் முதலெழுத்து ஒரு பட்டியலில் பெயருக்கு முன்னும் மற்றதில் பின்னும் இருந்தது. நமக்கு ஒரே ஆள். கணினிக்கு இரண்டு பேர். ஊர்ப் பெயரும் மாறும். போர்ட் பிளேர் 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் ஆயிற்று. சென்னை சென்ட்ரலின் பெயர் 2019-இல் மாறியும், ரயில்வே அதை எம்.ஏ.எஸ். என்ற பழைய குறியீட்டால்தான் அறிகிறது. ஆகவே உறுப்பினர் எண்ணைக் கொண்டே இணைக்க வேண்டும். அதிலும் ஒரு பக்கம் 0042 என்று எழுத்தாகவும் மறுபக்கம் 42 என்று எண்ணாகவும் இருக்கிறதா, கடைசியில் வெற்றிடம் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கவும்.

இரண்டாவது, வரிகள் தொலைவது. 'இன்னர் ஜாயின்' இரு பக்கமும் உள்ளவர்களை மட்டுமே தரும். சந்தா கட்டாதவர் மறைந்துபோவார். உறுப்பினர் அனைவரும் வேண்டுமென்றால், அந்தப் பட்டியலை இடப்பக்கம் வைத்து 'லெஃப்ட் ஜாயின்' போட வேண்டும். இங்கும் ஒரு பள்ளம் உண்டு. சந்தா ஆண்டு என்ற நிபந்தனையை 'வேர்' பகுதியில் எழுதினால், கட்டாதவருக்கு அந்த இடம் காலியாக இருப்பதால் அவர் மீண்டும் தள்ளப்படுவார். ஆண்டை 'ஆன்' பகுதியில் எழுதிவிட்டு, ரசீது எண் 'இஸ் நல்' என்று மட்டும் 'வேர்' பகுதியில் கேட்டால் பாக்கிதாரர்கள் சரியாகக் கிடைப்பார்கள்.

மூன்றாவது, வரிகள் பெருகுவது. ஒரு பி.என்.ஆர். எண்ணில் ஆறு பயணிகள் வரை இருக்கலாம். கட்டண அட்டவணையைப் பயணிகள் அட்டவணையோடு இணைத்தபின் கூட்டினால், ஒரே கட்டணம் ஆறு முறை சேரும். கூட்டலை முதலில் முடித்துவிட்டுப் பிறகே இணைக்க வேண்டும்.

ஷண்டிங் முடிந்ததும் பெட்டிகளை எண்ணிப் பார்ப்பது எங்கள் பழக்கம். அதுபோல, இணைப்பதற்கு முன்னும் பின்னும் வரிகளை எண்ணுங்கள். குறைந்தாலும் கூடினாலும் காரணம் தெரியாமல் மேலே போகாதீர்கள். இல்லையென்றால், உதவித்தொகைப் பட்டியலில் ஒரு குழந்தையின் பெயர் விடுபட்டாலும் கணினி எதுவும் சொல்லாது. விடுபட்ட வீட்டாருக்குத்தான் அது தெரியும்.

படிவம் நிரப்பும் அன்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: உறுப்பினர் எண்ணைத் தவறாமல் எழுதுங்கள்.