வண்டிக்கு அடியில் ‘டக் டக்’ சத்தமா? ஒர்க்‌ஷாப் போகுமுன் பாருங்கள்

மண்டியிலிருந்து சரக்கு ஏற்றிவர ஆம்னி வேன் வைத்திருக்கும் வணிகர்கள் நம்மில் இன்னும் பலர் உண்டு. 1984-இல் ‘மாருதி வேன்’ என்று வந்து, 1988-இல் ஆம்னி எனப் பெயர் மாறிய இவ்வண்டியின் உற்பத்தி 2019-இல் நின்றுவிட்டது. ஆகவே இப்போது ஓடுபவை எல்லாமே வயதான வண்டிகள்தான். பள்ளத்தில் இறங்கினால் அடியில் ‘டக்’ என்ற சத்தம் கேட்பது இவற்றில் சகஜம். ஒர்க்‌ஷாப்பில் விட்டால், “ஷாக் அப்சார்பர் போய்விட்டது, மாற்ற வேண்டும்” என்ற பதில் தயாராக இருக்கும். மாற்றிப் பணமும் கொடுத்த பிறகு அதே சத்தம், அதே இடத்தில் வரும்! சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் நாமே கண்டுகொண்டால் வீண் செலவு மிஞ்சும். அதைவிட முக்கியம், உடனே வண்டியை நிறுத்த வேண்டிய சத்தம் எது, அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்பது எது என்று தெரியும்.

முதலில் வண்டியைக் காலி செய்யுங்கள். ஜாக்கி, ஸ்பானர், ஸ்டெப்னி, பின்கதவுப் பூட்டு, சைலன்சரைத் தாங்கும் ரப்பர் ஆகியவற்றை ஆட்டிப் பாருங்கள். சஸ்பென்ஷன் சத்தம் என்று நினைத்தது சீட்டுக்கு அடியில் உருளும் எடைக்கல்லாக இருப்பதும் உண்டு.

அடுத்து, ஒருவரை உடன் அமர்த்திக்கொண்டு, கரடுமுரடான தெருவில் மெதுவாக ஓட்டி, சத்தம் எப்போது வருகிறது என்று கவனியுங்கள். சிறு மேடு பள்ளங்களில் விடாமல் ‘டக் டக்’ என்றால் ஏதோ ஒரு ரப்பர் புஷ் தேய்ந்திருக்கலாம். பெரிய பள்ளத்தில் மட்டும் ‘டொம்’ என்று இடித்தால் ஷாக் அப்சார்பரையோ, தடுப்பு ரப்பரையோ சந்தேகிக்கலாம். மேடு பள்ளத்தில் போகும்போது பிரேக்கை லேசாக மிதியுங்கள். சத்தம் உடனே நின்றால், டிஸ்க் பிரேக் உள்ள வண்டியில் பிரேக் பேட்தான் ஆடுகிறது. கியர் போட்டு கிளட்சை விடும்போது மட்டும் ஒரு ‘டங்’ வந்தால், பின்சக்கரத்துக்கு விசை கொண்டுபோகும் ஷாஃப்டின் கிராஸைப் பாருங்கள். ஆம்னியை இழுப்பது பின்சக்கரம் என்பதால் இதைப் பலர் சஸ்பென்ஷன் என்று தவறாக நினைத்துவிடுகிறார்கள்.

இனி நின்ற வண்டியில் சோதனை. நான்கு மூலைகளையும் ஒவ்வொன்றாகப் பலமாக அழுத்தி விடுங்கள். ஒரு தரம் எழும்பி அடங்கினால் அந்த மூலையின் ஷாக் நல்லது. மூன்று நான்கு முறை ஊஞ்சல் ஆடினாலோ, ஷாக்கின் உடம்பில் ஆயில் வழிந்திருந்தாலோ அதன் ஆயுள் முடிந்தது. ஒருவர் அழுத்த, மற்றவர் ஒவ்வொரு இணைப்பின் மேலும் கை வைத்துப் பார்த்தால், அடிபடும் இடம் விரலிலேயே தெரியும். சுருள் ஸ்பிரிங்கின் இடுக்கில் மட்டும் விரலை விடக்கூடாது.

முன்சக்கரச் சோதனைதான் உயிர் சம்பந்தப்பட்டது. சமதரையில் ஹேண்ட்பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, ஜாக்கியால் தூக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை விடவே கூடாது. உறுதியான ஸ்டாண்டு கட்டாயம் வேண்டும். சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் மறைந்தால் வீல் பேரிங், மறையாவிட்டால் கீழுள்ள பால் ஜாயிண்டில் கோளாறு இருக்கலாம். இடவலமாகப் பிடித்து ஆட்டும்போது லொடலொடத்தால் ஸ்டியரிங்கின் டை ராடு எண்டைப் பாருங்கள். பால் ஜாயிண்டோ டை ராடு எண்டோ ஆடினால் அன்றே வண்டியை நிறுத்திவிடுங்கள். மண்டியில் சரக்கு காத்திருக்கிறது என்பதெல்லாம் பிறகு. பால் ஜாயிண்ட் கழன்றால் சக்கரம் மடிந்துவிடும். டை ராடு கழன்றால் அந்தச் சக்கரம் ஸ்டியரிங்குக்குக் கட்டுப்படாது.

ஆனால் நம் வண்டிகளில் அதிகம் அடிவாங்குவது பின்பக்கம். ஆம்னிக்குப் பின்னால் இருப்பது பட்டை ஸ்பிரிங். 25 கிலோ வரையுள்ள லேபிளிட்ட பைகளுக்கு 2022 ஜூலையில் 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்தபின் 26 கிலோ அரிசிச் சிப்பமும் புழக்கத்துக்கு வந்தது. சிப்பத்துக்கு ஒரு கிலோதானே என்று நினைக்கிறோம். 20 சிப்பம் ஏற்றினால் 20 கிலோ கூடுதல். அதையும் பின்கதவு ஓரமாகவே அடுக்குகிறோம். பாரம் பின்சக்கரத்தையும் தாண்டி நிற்கும்போது, பட்டை அளவுக்கு மீறி வளைந்து, அதன் இரு முனையிலுள்ள ரப்பர் புஷ்கள் நசுங்குகின்றன. புஷ் போனால் இரும்பும் இரும்பும் மோதும். காலியாக வரும்போது சத்தம் அதிகம், பாரம் ஏற்றினால் குறைகிறது என்றால் இந்த இடத்தை முதலில் பாருங்கள். அப்படியே பட்டையை அச்சோடு பிணைக்கும் யூ போல்ட் நட்டுகளை ஸ்பானர் போட்டு இறுக்கமாக உள்ளனவா என்று சரிபாருங்கள். பட்டைகளில் துருக்கோடு போல் விரிசல் தெரிகிறதா, வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறதா என்பதையும் கவனியுங்கள். பட்டை உடைந்திருந்தால் பாரம் ஏற்றக்கூடாது.

மெக்கானிக்கிடம் போகும்போது “ஷாக் மாற்று” என்று நாமே மருந்து எழுதிக் கொடுக்காமல், எந்தப் பக்கம், எப்போது, எப்படிச் சத்தம் வருகிறது என்று சொல்லுங்கள். ஷாக் மாற்றினால் ஒரே அச்சில் இரு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். டை ராடு எண்ட் மாற்றினால் வீல் அலைன்மென்ட் பார்த்தே தீரவேண்டும். கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்கிக் கையால் அசைத்துப் பாருங்கள்.

இன்னொன்று. பட்டையின் புது ரப்பர் புஷ்ஷுக்கான போல்ட்டை, சக்கரம் தொங்கும் நிலையில் முழுவதும் இறுக்கக்கூடாது. அப்படி இறுக்கினால், வண்டி தரையில் இறங்கிய உடனே ரப்பர் முறுக்கிக்கொண்டு, சீக்கிரமே கிழிந்துவிடும். முதலில் லேசாக மாட்டி, வண்டியை இறக்கி, அதன் எடை சக்கரத்தில் நின்றபிறகு இறுக்க வேண்டும். அவசர வேலையில் இதை விட்டுவிடுகிறார்கள். கடைசி இறுக்கு போடும்போது அருகில் நின்று பாருங்கள்.