றோபோவியலும் ஒதுக்கப்பட்ட மாணவரும்: ஒரு கல்வியியல் நோக்கு

கற்றல் இடர்ப்பாடும் நடத்தைக் குழப்பமும் உடையோர் என வகைப்படுத்தப்பட்ட இடைநிலை வகுப்பு மாணவருக்கு றோபோவியல் கற்பிப்பது பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் கருவிகளோடு நின்றுவிடுகின்றன. அடிப்படை வினா வேறானது: அம்மாணவரின் தோல்வி அவர்தம் இயல்பில் உள்ளதா, அன்றிக் கல்வி ஒழுங்கமைக்கப்பட்ட முறைமையில் உள்ளதா?

இத்தகைய இடர்ப்பாடுகளுக்கு உடலியல் அடிப்படை இருக்கலாம் என்பதை மறுப்பது விஞ்ஞானபூர்வமாகாது. ஆயின் அவ்விடர்ப்பாடு இயலாமையாக மாறுவது சமூக உறவுகளினாலேயே என்பதைச் சோவியத் உளவியலாளர் வைகொட்ஸ்கி 1920களிலேயே வற்புறுத்தினார். எழுத்தை மட்டுமே அறிவாகவும், அசையாதிருத்தலை ஒழுக்கமாகவும் கொள்ளும் பள்ளி, மூளை உழைப்பையும் கை உழைப்பையும் பிரித்துவைக்கும் சமுதாயத்தின் பிரதிபலிப்பே.

1967இல் 'லோகோ' கணினி மொழியை உருவாக்கியோருள் ஒருவரான சீமோர் பப்பேர்ட், 1999இல் அமெரிக்காவின் மெயின் மாநிலச் சிறார் தடுப்பு நிலையமொன்றில் ஆய்வுகூடமொன்றை நிறுவினார். மூன்றாண்டுகள் இயங்கிய அக்கூடத்திற் பயின்றோருட் பலர் விசேட கல்விக்குரியோராக வகைப்படுத்தப்பட்டவர்கள். வழமையான பாடத்திட்டத்திற்குப் பதிலாக, லெகோத் துண்டுகளையும் மோட்டார்களையும் உணரிகளையும் கொண்டு பொறிகளை அமைத்து, அவற்றைக் கணினி வழியே இயக்குவதே அவர்தம் கல்வியாயிற்று.

இம்முறையின் பயன் எங்கனம் விளைகின்றது? சுவரை அணுகியதும் நிற்கவேண்டிய வண்டி நில்லாது மோதுகின்றது எனக் கொள்வோம். பிழை உணரியிலா, பற்சில்லிலா, கட்டளைகளின் ஒழுங்கிலா என மாணவர் தேடுகின்றனர். பிழை இங்கு மாணவரின் குற்றமன்று. கண்முன்னே கிடக்கும் பொருளிலுள்ள, திருத்தத்தக்க ஒரு நிலைமை. விளைவு உடனுக்குடன் தெரிவதால் கவனம் சிதறும் மாணவரும் தம் அடுத்த முயற்சிக்குரிய காரணத்தைக் காண்கின்றனர். எழுந்து நடப்பதும் தரையிற் குனிந்து பார்ப்பதும் குழப்படியாகாமல் வேலையின் பகுதியாகின்றன. படக்குறிகளால் கட்டளையமைக்கும் முறை வாசிப்பிடர்ப்பாட்டின் தடையைத் தளர்த்துகின்றது. ஒருவர் பொருத்த, மற்றவர் கட்டளையமைக்க, இருவரும் பின்னர் இடம்மாறும்போது கூட்டுழைப்பு அறிவுரையாக நில்லாது தேவையாகின்றது.

எனினும் கருவியே விடுதலை தரும் என்பது மயக்கம். 1998இல் சந்தைக்கு வந்த லெகோ மைண்ட்ஸ்ரோம்ஸ் தொகுதியின் விற்பனையை 2022இன் இறுதியில் அந்நிறுவனமே நிறுத்திக்கொண்டது. பண்டத்தையே கல்வியாகக் கருதிய பள்ளிகளுக்கு இஃது ஒரு பாடம். மலிவான மோட்டாரும் பழைய சில்லுகளுங்கூட இக்கல்விக்குப் போதுமானவை. ஆனாற் பிழைக்குத் தண்டனை வழங்காத வகுப்பறை இன்றியமையாதது.

மெயினில் அச்சிறார் அத்தகைய வகுப்பறையைக் கண்டது தடுப்புக்காவலுக்கு வந்த பின்னரே. அதனை முன்னரே வழங்கவேண்டியது பொதுப் பள்ளியின் கடமையாகும்.