ஐந்தாவது ரவைக்கு என்ன நடக்கிறது? எடை குறைந்த ரிவோல்வரும் கையால் அடைத்த ரவைகளும்

உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவர்களுக்கு இந்தக் கணக்கு மறந்திருக்காது. இத்தனை கிராம் திணிவுள்ள சன்னம் இத்தனை வேகத்தில் வெளியேறுகிறது. துப்பாக்கியின் திணிவு இவ்வளவு. அது பின்னோக்கி உதைக்கும் வேகம் என்ன? உந்தக் காப்பு விதியைப் போட்டு, விடையை எழுதி, புள்ளியை வாங்கிக்கொண்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுவோம்.

அந்த வினாவில் யாரும் கேட்காத ஒன்று இருக்கிறது. துப்பாக்கி பின்னோக்கி உதைக்கும்போது, அதற்குள் இன்னும் சுடப்படாமல் இருக்கும் மற்ற ரவைகளுக்கு என்ன ஆகிறது?

அமெரிக்காவில் சொந்தமாக ரவை அடைப்பவர்களுக்கு இது உயிரோடு சம்பந்தப்பட்ட கேள்வி. அங்கு சுட்ட ரவையின் வெற்றுக்கோதை எடுத்துச் சுத்தம் செய்து, புதிய பிரைமர் பொருத்தி, வெடிமருந்தை அளந்து போட்டு, மேலே புதிய சன்னத்தை வைத்து அழுத்தி மீண்டும் ரவையாக்குவது சட்டபூர்வமான, பரவலான பொழுதுபோக்கு. செலவு குறைகிறது, தனக்கு ஏற்ற உதைப்பில் ரவை செய்துகொள்ளவும் முடிகிறது. ஆனால் தொழிற்சாலையில் பலர் பார்க்கும் தரப் பரிசோதனையை இங்கு ஒரே ஆள்தான் செய்யவேண்டும். அவர் தவறவிட்டால் பிடிப்பதற்கு வேறு யாரும் இல்லை.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

ஸ்மித் அன்ட் வெசன் நிறுவனம் 2000களின் தொடக்கத்தில் இருந்து ஸ்கேண்டியம் கலந்த அலுமினியச் சட்டகமும் டைட்டேனியம் சிலிண்டரும் கொண்ட சிறிய ரிவோல்வர்களைத் தயாரித்து வருகிறது. ஐந்து ரவைகள் கொள்ளும் இவற்றில் சில, வெறும் 340 கிராம் அளவில்தான் எடை. சட்டைப்பையில் வைத்தால் ஒரு கனமான கைத்தொலைபேசிபோல இருக்கும். ஆனால் அவை .357 மெக்னம் என்ற வலுவான ரவையைச் சுடக்கூடியவை.

158 கிரெய்ன், அதாவது ஏறத்தாழ 10 கிராம் எடையுள்ள சன்னம், குறுகிய குழலில் இருந்து செக்கனுக்கு 350 மீற்றர் வேகத்தில் வெளியேறுவதாக வைத்துக்கொள்வோம். வெளியேறும் வாயுவைக் கணக்கில் எடுக்காமலே, 340 கிராம் ரிவோல்வர் செக்கனுக்கு 10 மீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் பின்னோக்கிப் பாயும். அதே ரவையை 1.2 கிலோகிராம் எடையுள்ள உருக்கு ரிவோல்வரில் சுட்டால், அது செக்கனுக்கு 3 மீற்றர்தான். கையில் வந்து மோதும் சக்தியோ மூன்றரை மடங்கு வேறுபடுகிறது.

சன்னம் குழலை விட்டு வெளியேற எடுக்கும் நேரம் அரை மில்லிசெக்கன் அளவுதான். அந்தச் சிறு நேரத்துக்குள் துப்பாக்கி செக்கனுக்கு 10 மீற்றர் வேகத்தை எட்டுகிறது. சிலிண்டரில் காத்திருக்கும் மற்ற ரவைகளின் கோதுகளை, அவற்றின் விளிம்பில் பிடித்து, சிலிண்டர் தன்னுடன் பின்னோக்கி இழுத்துச் செல்கிறது. ஆனால் கோதின் வாயில் இருக்கும் சன்னம் சடத்துவத்தால் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. 10 கிராம் சன்னத்தைக் கோதோடு சேர்த்து இழுத்துச் செல்ல, சராசரியாக 200 நியூற்றன் விசை தேவை. 20 கிலோ எடையுள்ள ஒரு மூட்டையைச் சன்னத்தில் கட்டித் தொங்கவிட்டதுபோல.

கோதின் பிடி அந்த அளவுக்கு இறுக்கமாக இல்லையென்றால், சன்னம் சிறிது சிறிதாக முன்னே நகரும். நாலு முறை சுட்டால் நாலு முறை நகரும். போதிய தூரம் நகர்ந்து சிலிண்டரின் முன்பக்கத்தைத் தாண்டி நீட்டிக்கொண்டால், அது சட்டகத்தில் இடிக்கும். சிலிண்டர் சுழலாது. விசைவில்லை எவ்வளவு இழுத்தாலும் அடுத்த ரவை வராது. பல சமயங்களில் சிலிண்டரை வெளியே திறக்கவும் முடியாது. ரிவோல்வர் என்றால் சிக்காது, எப்போதும் சுடும் என்பது பொதுவான நம்பிக்கை. அந்த நம்பிக்கை பொய்க்கும் இடங்களில் இதுவும் ஒன்று.

ஒரு ரவையைச் சுடாமல் வைத்திருத்தல்

இதைப் பரிசோதிக்கும் முறை மிகவும் எளிமையானது. ஐந்து ரவைகளில் ஒன்றில் பேனாவால் அடையாளம் இட்டு, வேணியர் இடுக்கிமானியால் அதன் முழு நீளத்தை அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். மற்ற நாலையும் சுட்டுவிட்டு, அடையாளமிட்ட ஐந்தாவது ரவையை வெளியே எடுத்து மீண்டும் அளக்க வேண்டும். நாலு உதைப்புகளையும் தாங்கிய ரவை அதுதான். நீளம் மாறவில்லை என்றால் பிடி போதும். கூடியிருந்தால், அந்த ரவை அந்தத் துப்பாக்கிக்கு உதவாது.

பரிசோதனையை எந்தத் துப்பாக்கியில் செய்கிறோம் என்பதும் முக்கியம். கனமான உருக்கு ரிவோல்வரில் ஆயிரம் ரவை சுட்டும் பிரச்சினை தராத அதே ரவை, எடை குறைந்த ரிவோல்வரில் மூன்றாவது சூட்டிலேயே நகர்ந்துவிடலாம். ரவை நல்லதா கெட்டதா என்று தனியாகச் சொல்ல முடியாது. ரவையும் துப்பாக்கியும் சேர்ந்துதான் சோதனைக்கு உட்படுகின்றன.

சன்னம் நகராமல் இருக்க, கோதின் விளிம்பை உட்பக்கமாக மடக்கி, சன்னத்தைச் சுற்றியுள்ள பள்ளத்தில் பதிப்பார்கள். அதற்காகக் கண்டபடி அழுத்தவும் கூடாது. மென்மையான ஈயச் சன்னத்தை அளவுக்கு மீறி நெரித்தால் அது உருமாறி, பிடி இன்னும் தளர்ந்துவிடும்.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்து

சன்னம் நகர்வதையாவது அளந்து கண்டுபிடிக்கலாம். கோதுக்குள் இருக்கும் வெடிமருந்தின் அளவை, ரவையை மூடிய பிறகு வெளியே இருந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

.38 ஸ்பெஷல் ரவை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்தது. அதன் கோது, அதிக இடம் பிடிக்கும் பழைய கரிமருந்துக்கு ஏற்ற அளவில் அமைந்தது. இன்றைய புகையில்லா வெடிமருந்து மிகக் கொஞ்சம் போதும். கோதின் பெரும்பகுதி வெறுமையாகவே இருக்கும். கவனம் சிதறி ஒரே கோதில் இரண்டு தடவை மருந்தைப் போட்டாலும் அது வெளியே வழியாது. அப்படி ஒரு ரவை சிலிண்டரையே பிளந்துவிடலாம். மறுபக்கம், மருந்தே போடாமல் விட்டால், பிரைமரின் வலு மட்டும் சன்னத்தைக் குழலுக்குள் தள்ளி நடுவில் நிறுத்திவிடும். வழமையைவிட மெல்லிய சத்தம் கேட்டால் உடனே நிறுத்திக் குழலைப் பார்க்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான். பார்க்காமல் அடுத்ததைச் சுட்டால், குழல் வீங்கும் அல்லது வெடிக்கும்.

அமெரிக்காவில் ரவைகளின் அமுக்கத்துக்கான தரங்களை, 1926இல் உருவான எஸ்.ஏ.ஏ.எம்.ஐ. என்ற உற்பத்தியாளர் அமைப்பு நிர்ணயிக்கிறது. .38 ஸ்பெஷலுக்கு உச்ச அமுக்கம் சதுர அங்குலத்துக்கு 17,000 இறாத்தல். .357 மெக்னமுக்கு 35,000. சுட்ட கோதின் பிரைமர் தட்டையாகியிருக்கிறதா, கோது வெளியேற மறுக்கிறதா என்று பார்த்து அமுக்கத்தைக் கணிப்பது ரவை அடைப்பவர்களின் பழைய வழக்கம். ஆனால் .38 போன்ற குறைந்த அமுக்க ரவையில், அந்த அடையாளங்கள் தெரியும்போது எல்லை எப்போதோ கடந்திருக்கும். அடையாளம் இல்லை என்பதால் பாதுகாப்பு என்று முடிவெடுக்க முடியாது. ஆகவேதான் பதிப்பிக்கப்பட்ட, ஆய்வுகூடத்தில் அளந்த அட்டவணைகளை விட்டு விலகக்கூடாது என்பது அங்கு முதல் பாடம்.

வேகத்தை அளக்கும் கருவியும் உதவும். ஒவ்வொரு சூட்டின் வேகமும் பெரிதாக மாறுபட்டால், மருந்து ஒரே சீராக எரியவில்லை என்று அர்த்தம். பெரிய கோதில் சிறிதளவு மருந்து இருக்கும்போது, அது பிரைமர் பக்கம் கிடக்கிறதா, சன்னத்தின் பக்கம் கிடக்கிறதா என்பதே வேகத்தை மாற்றும். எனவே குழலை ஒருமுறை மேலே தூக்கியும், ஒருமுறை கீழே சாய்த்தும் பிறகு கிடையாக்கிச் சுட்டுப் பார்ப்பார்கள்.

விமானப் படை கற்ற பாடம்

எடையைக் குறைப்பதற்குக் கொடுக்கும் விலையை அமெரிக்க விமானப் படை 1950களில் அனுபவித்தது. விமானிகள் கொண்டுசெல்வதற்காக, சட்டகம், சிலிண்டர் இரண்டுமே அலுமினியக் கலப்புலோகத்தாலான .38 ரிவோல்வர்களைக் கோல்ட், ஸ்மித் அன்ட் வெசன் நிறுவனங்களிடம் வாங்கியது. அந்தச் சிலிண்டர்கள் சாதாரண .38 ரவையின் அமுக்கத்தை நம்பகமாகத் தாங்கவில்லை. தீர்வாக, அமுக்கம் குறைந்த எம்41 என்ற தனி ரவை உருவானது. ஆனால் சாதாரண ரவையும் அதே அளவுதான். அதே சிலிண்டருக்குள் அதுவும் தாராளமாக நுழையும். பிழையான ரவையைப் போடுவதைத் தடுக்க துப்பாக்கியில் எதுவும் இல்லை. அந்தத் தசாப்தம் முடியும் காலத்தில் அவை சேவையில் இருந்து விலக்கப்பட்டன, பெரும்பாலானவை அழிக்கப்பட்டன.

இன்றைய .357 ஸ்கேண்டியம் ரிவோல்வர்களின் குழலிலேயே, 120 கிரெய்னுக்குக் குறைந்த சன்னம் பயன்படுத்தக்கூடாது என்று பொறித்திருக்கிறார்கள். எச்சரிக்கையைக் கையேட்டில் மட்டும் எழுதினால் போதாது என்பது புரிந்திருக்கிறது.

சூட்டுக்குப் பிறகும் தொடரும் கேள்வி

நம் நாட்டில் துப்பாக்கிச் சூட்டுச் செய்திகளில், வெற்றுக் கோதுகள் மீட்கப்பட்டு அரசாங்க இரசாயனப் பகுப்பாய்வுக்கு அனுப்பப்பட்டதாக அடிக்கடி படிக்கிறோம். எவ்வளவு தூரத்தில் இருந்து சுடப்பட்டது என்பதை, உடையிலோ தோலிலோ படிந்த மருந்துத் துகள்களின் பரவலை வைத்து நிபுணர்கள் கணிக்கிறார்கள். அதற்கு அதே துப்பாக்கியில் அதே வகை ரவையைப் பல தூரங்களில் சுட்டு ஒப்பிட வேண்டும். தொழிற்சாலை ரவை என்றால் அதே வகையைத் தேடி எடுக்கலாம். கையால் அடைத்த ரவை என்றால், அதற்குள் எந்த மருந்து, எவ்வளவு இருந்தது என்பது அடைத்தவருக்கு மட்டுமே தெரியும். வேறொரு ரவையை வைத்துச் செய்த கணிப்பு பல அடிகள் பிழைக்கலாம். தற்செயலா, தற்கொலையா, கொலையா என்ற கேள்விக்கான விடை அந்த அடிகளில் தங்கியிருக்கலாம்.

அதனால்தான் பொறுப்பாக இதைச் செய்பவர்கள் ஒவ்வொரு தொகுதிக்கும் திகதி, மருந்தின் பெயர், அளவு, சன்னத்தின் எடை, சோதித்த துப்பாக்கி, அளந்த வேகம், ஐந்தாவது ரவையின் முன் நீளம், பின் நீளம் என்று எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதி வைக்கிறார்கள். பெட்டியின் மேலும் அதே விபரத்தை ஒட்டுகிறார்கள். விபரம் எழுதாத பெட்டி கையில் கிடைத்தால், உள்ளே எத்தனை ரவை இருந்தாலும் அதைச் சுடுவதில்லை.