பட்டம் வென்ற ஐந்தாம் ஆண்டில் திவால்: ருமேனியாவின் எஃகு நகர அணிக்கு என்ன நடந்தது?

2011 மே 15 அன்று, ருமேனியாவின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் கலாட்ஸ் நகரில், ஒட்செலுல் கால்பந்து அணி டிமிஷ்வாராவை 2-1 என்று வீழ்த்தியது. லீக்கில் இன்னும் ஒரு சுற்று பாக்கி. ஆனால் பட்டம் யாருக்கு என்பது அன்றே தெரிந்துவிட்டது. 1964-ல் பிறந்த அந்த அணிக்கு அதுவே முதல் லீக் பட்டம். அதே ஆண்டு செப்டம்பரில் அது ஐரோப்பாவின் சாம்பியன்ஸ் லீகில் ஆடிக்கொண்டிருந்தது. 2015-ல் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. 2016-ல் திவாலாகி, அணியே இல்லாமல் போனது.

இது ஓர் அணியின் போதாத காலம் என்று விட்டுவிடலாம்தான். ஆனால் அந்த நாட்டில் அதே காலத்தில் நடந்தவற்றைச் சேர்த்துப் பார்த்தால் அப்படிச் சொல்ல மனம் வராது. அன்று ஒட்செலுலிடம் தோற்ற டிமிஷ்வாரா, லீக்கில் இரண்டாம் இடம் பிடித்தும் கடன் காரணமாக உரிமம் மறுக்கப்பட்டு இரண்டாம் பிரிவுக்குத் தள்ளப்பட்டது. 2012-ல் இரண்டாம் இடம் பிடித்த வாஸ்லுய், இரண்டே ஆண்டில் பணமில்லாமல் முதல் பிரிவிலிருந்து மறைந்தது. 2016-ல் பட்டம் வென்ற ஆஸ்த்ரா ஜூர்ஜூ 2021-ல் இறங்கியது. அதன் கதையும் கடனில்தான் முடிந்தது.

இவற்றுள் உர்சிசென் நகரின் கதை நம்பவே கடினமானது. மக்கள்தொகை சுமார் 17,000. அந்த ஊரின் யுனிரேயா அணி, செல்சியில் ஆடிய டான் பெட்ரெஸ்குவின் பயிற்சியில் 2009-ல் லீக் பட்டம் வென்றது. அந்த அக்டோபரில் கிளாஸ்கோவுக்குப் போய், ரேஞ்சர்ஸ் அணியை அதன் சொந்த மைதானத்திலேயே 4-1 என்று சாய்த்தது. சாம்பியன்ஸ் லீக் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்து, ஐரோப்பா லீகுக்கு மாறி, அங்கே லிவர்பூலுடன் மோதியது. 2010 கோடையில் உரிமையாளர் கையை விரித்ததும் முக்கிய வீரர்கள் பலரும் தலைநகரின் ஸ்தேவுவா அணிக்குப் போய்விட்டார்கள். 2011-ல் யுனிரேயா லீக்கிலிருந்து இறங்கியது, அத்துடன் கலைக்கப்பட்டது.

உர்சிசென் ஒரே ஒருவரின் பணத்தில் எழுந்த அணி. அவர் விலகினால் அணி விழும் என்பது புரிகிறது. கலாட்ஸ் அப்படியல்ல. பெரிய நகரம், பெரிய ஆலை, தலைமுறைகளாக மைதானத்துக்கு வந்த தொழிலாளர் குடும்பங்கள் எல்லாம் அங்கே இருந்தன. அதுவும் விழுந்தது என்றால் காரணத்தை இன்னும் ஆழமாகத் தேட வேண்டியிருக்கிறது.

ஆலை சுமந்த அணி

கலாட்ஸின் உருக்காலையில் ஓர் அரசியல் பிடிவாதம் இருந்தது. 1960-களின் தொடக்கத்தில் சோவியத் தலைமை கிழக்கு ஐரோப்பிய நாடுகளுக்குள் வேலையைப் பிரித்துக் கொடுக்க நினைத்தபோது, ருமேனியாவின் பங்காகப் பெரும்பாலும் வந்தது விவசாயம். ருமேனியத் தலைவர் கியோர்கியு-தேஜ் ஒப்புக்கொள்ளவில்லை. டான்யூப் கரையில் நாட்டின் மிகப் பெரிய எஃகு ஆலையைக் கட்டியே தீருவது என்று நின்றார். ஆலை எழுந்துகொண்டிருந்த நாட்களிலேயே அணியும் தொடங்கியது. அதற்கு வைத்த 'ஒட்செலுல்' என்ற பெயருக்கே எஃகு என்றுதான் பொருள்.

அந்தக் காலத்து ஏற்பாடு எளிமையானது. கிழக்கு ஐரோப்பாவில் ஓர் ஆலையின் அணி என்றால் வீரர்கள் ஆலையின் சம்பளப் பட்டியலில் இருப்பார்கள். பயணம், தங்குமிடம், சீருடை எல்லாம் ஆலைக் கணக்கு. அணிக்கென்று தனி வரவு செலவு இருக்க வேண்டிய அவசியமே எழவில்லை. அந்த நிழலில் ஒட்செலுல் நன்றாகவே வளர்ந்தது. 1988-ல் யூஇஎஃப்ஏ கோப்பையில், டினோ ஸோஃப் பயிற்சியளித்த யுவெந்துஸ் அணியைக் கலாட்ஸில் 1-0 என்று வென்றது. டூரினில் நடந்த இரண்டாவது ஆட்டத்தில் 5-0 என்று தோற்றது வேறு விஷயம். முதல் ஆட்டத்தின் நினைவு நகரத்தோடு தங்கிவிட்டது.

1989 டிசம்பரில் சௌசெஸ்கு ஆட்சி கவிழ்ந்தபோது ஆலை தப்பியது, அணியும் தப்பியது. ஆனால் 1990-களில் அரசு ஆலைகள் எல்லாமே நட்டத்தில் தள்ளாடின. 2001-ல் கலாட்ஸ் ஆலையை வாங்கியவர் இந்தியாவில் பிறந்த லட்சுமி மிட்டல். அந்த விற்பனைக்கு ஆதரவாக பிரிட்டன் பிரதமர் டோனி பிளேர் ருமேனியப் பிரதமருக்கு எழுதிய கடிதமும், பிளேரின் கட்சிக்கு மிட்டல் அளித்த 1,25,000 பவுண்டு நன்கொடையும் மறு ஆண்டு லண்டனில் பெரும் சர்ச்சையாகின. லண்டன் பத்திரிகைகள் கடிதத்தைப் பற்றி எழுதின. கலாட்ஸுக்கோ கவலை வேறு. ஆலையில் அப்போது 25,000 பேருக்கு மேல் வேலை பார்த்தார்கள். ஆண்டுக்காண்டு அந்த எண்ணிக்கை குறையத் தொடங்கியது. தனியார் நிறுவனம் விளம்பரதாரராக வரலாம், போகலாம். ஒரு கால்பந்து அணியைத் தூக்கிச் சுமக்கும் கடமை அதற்குக் கிடையாது.

ஆலை தோளை விலக்கிக்கொண்ட இடத்தில் வேறெதுவும் வரவில்லை என்பதே என் கணிப்பில் இந்தக் கதையின் மையம். மேற்கு ஐரோப்பாவில் ஓர் அணிக்கு நுழைவுச் சீட்டு, தொலைக்காட்சி உரிமை, விளம்பரம், வீரர் விற்பனை என்று நான்கு வழியில் வருமானம் வரும். ருமேனியாவின் வெளிமாவட்ட அணிக்கு முதல் வழி மிகச் சிறியது. மைதானமும் பெரும்பாலும் நகராட்சியின் சொத்து. அதைக் காட்டிக் கடன் வாங்கவும் முடியாது, அதை வைத்துச் சம்பாதிக்கவும் முடியாது. தொலைக்காட்சிப் பங்கு மேற்கோடு ஒப்பிடவே முடியாத அளவு சிறியது. மிஞ்சுவது ஒரு புரவலரின் மனநிலையும் வீரர்களை விற்று வரும் பணமும்.

பட்டம் வந்த ஆண்டு

இந்த நிலையில் 2010-11 பருவம் ஓர் அற்புதம் என்றே சொல்வேன். பயிற்சியாளர் டோரினெல் முன்டியானு, ருமேனியாவுக்காக 134 ஆட்டங்கள் ஆடியவர். அந்த நாட்டில் வேறு யாரும் அத்தனை ஆடியதில்லை. அவர் கட்டிய அணியில் நட்சத்திரம் என்று ஒருவரும் இல்லை. ருமேனியாவில் அவ்வளவாகப் பேசப்படாத வீரர்களும், பால்கன் நாடுகளிலிருந்து மலிவாகக் கிடைத்தவர்களும் சேர்ந்த கூட்டம் அது. கோல் மழை பொழியவில்லை. கோல் விடாமல் காத்தார்கள், ஒரு கோல் வித்தியாசத்தில் வென்றார்கள், புள்ளி சேர்த்தார்கள். 1991-க்குப் பிறகு 16 பருவங்கள் பட்டம் தலைநகர் புக்கரெஸ்டை விட்டு வெளியே போனதே இல்லை; 2008-ல் க்ளூஜ் நகரின் சிஎஃப்ஆர் அந்தச் சுவரை உடைத்திருந்தது. இப்போது தொழிலாளர் நகரம் ஒன்றுக்கு முறை வந்தது. பட்டத்தோடு சூப்பர் கோப்பையிலும் ஸ்தேவுவாவை 1-0 என்று வென்றார்கள்.

சாம்பியன்ஸ் லீகில் ஆறு ஆட்டம், ஆறு தோல்வி. போட்டது 3 கோல், வாங்கியது 11. ஆனால் ஒவ்வொரு முடிவையும் தனியே பாருங்கள்: பாசெலிடம் 2-1, 3-2; பென்ஃபிகாவிடம் இரு முறையும் 1-0; மான்செஸ்டர் யுனைடெட்டிடம் இரு முறையும் 2-0. யாரும் இவர்களை நசுக்கவில்லை. முதல் மான்செஸ்டர் ஆட்டத்தில் ரூனிக்கு இரண்டு பெனால்டி தேவைப்பட்டது. மான்செஸ்டரின் விடிச், சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார். சோகம் வேறிடத்தில் இருந்தது. கலாட்ஸ் மைதானம் போதாது என்பதால் 'சொந்த மைதான' ஆட்டங்கள் மூன்றும் 200 கிலோமீட்டருக்கு அப்பால், புக்கரெஸ்டில் அந்தச் செப்டம்பரில்தான் திறக்கப்பட்ட தேசிய அரங்கில் நடந்தன. வாழ்நாளில் ஒருமுறை வரும் ஆட்டத்தை அந்த நகரம் தன் தெருவில் பார்க்க முடியவில்லை.

பணக் கணக்குக்கு வருவோம். அந்தப் பருவத்தில் பிரிவுச் சுற்றுக்கு வந்த ஒவ்வொரு அணிக்கும் ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பான யூஇஎஃப்ஏ 39 லட்சம் யூரோ கொடுத்தது. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் 5.5 லட்சம் தனி. ஆறு ஆட்டத்துக்கு 33 லட்சம். ஆக, ஒரு புள்ளி கூட எடுக்காமலே 72 லட்சம் யூரோ நிச்சயம். தொலைக்காட்சிச் சந்தைப் பங்கு இதற்கு மேல். மேற்கின் பெரிய அணிக்கு இது சில்லறை. கலாட்ஸ் போன்ற அணிக்கோ பல ஆண்டு வாழ்க்கை.

அப்படியானால் ஏன் வாழ முடியவில்லை? இந்தப் பணம் ஒருமுறைதான் வரும். செலவு அப்படியல்ல. பட்டம் வென்ற வீரரின் சம்பளம் ஏறும்; முகவரின் பங்கு ஏறும்; அடுத்த ஆண்டும் மேலே நிற்க வேண்டும் என்று புது வீரர்கள் வருவார்கள்; அவர்கள் ஒப்பந்தம் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஓடும். மறு ஆண்டு ஐரோப்பா இல்லை என்றதும் வரவு பழைய இடத்துக்கே இறங்கிவிடும், சம்பளம் இறங்காது. அறுவடை நன்றாக வந்த ஒரு வருடத்தை நம்பி வாங்கிய டிராக்டர் கடன் போலத்தான் இது. முன்டியானு 2012-ல் ரஷ்யாவின் மோர்தோவியா அணிக்குப் போனார். சாம்பியன் அணியின் வீரர்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். அந்தப் பணத்தில் பயிற்சிப் பள்ளியும் சொந்தத் திடலும் எழுந்திருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதற்கு அத்தாட்சி ருமேனியாவிலேயே இருக்கிறது. முன்னாள் நட்சத்திர வீரர் கியோர்கே ஹாஜி கான்ஸ்டன்டா அருகே நிறுவிய விட்டோருல் அணி, தன் பள்ளியில் வளர்ந்த இளைஞர்களை வைத்து 2017-ல் பட்டம் வென்றது. ரஸ்வான் மரின் போன்றவர்களை வெளிநாட்டு அணிகளுக்கு விற்றே அது தாக்குப்பிடித்தது. 2021-ல் அது ஃபாருல் அணியோடு இணைந்தது. அந்த ஃபாருல் 2023-ல் சாம்பியன்.

திவால் என்ற தற்காலிக நிழல்

2010-களின் நடுவில் ருமேனியாவில் கால்பந்துச் செய்திகளோடு நீதிமன்றச் செய்திகளும் சேர்ந்தே வந்தன. கடனில் மூழ்கும் அணி திவால் பாதுகாப்புக்கு விண்ணப்பிக்கும். அந்தத் தேதி வரை உள்ள கடன்கள் உறைந்துவிடும். நீதிமன்றம் ஒரு நிர்வாகியை நியமிக்கும். மூன்று ஆண்டு வரை சீரமைப்புத் திட்டம் போடலாம். அணி ஆடிக்கொண்டே இருக்கலாம்.

கேட்க நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் உறைந்துபோகும் கடன்களில் வீரர்களின் சம்பள பாக்கியும் உண்டு. கோடிகள் வாங்கும் நட்சத்திரத்துக்கு இது தொல்லை. மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் இருபத்தொரு வயதுப் பின்கள வீரருக்கு இது அடிவயிற்றில் விழும் அடி. நிர்வாகி ஒப்பந்தத்தையே முறிக்கவும் வழி இருந்தது. சர்வதேச வீரர் சங்கமான ஃபிஃப்புரோ இதைத் திரும்பத் திரும்பக் கண்டித்தது. சட்டம் காப்பாற்றியது நிறுவனத்தை. விலை கொடுத்தவர்கள் வீரர்கள். ஐரோப்பியப் போட்டிகளின் கதவும் இத்தகைய அணிகளுக்கு மூடியே இருந்தது. 2016-ல் ருமேனியக் கோப்பையை வென்ற சிஎஃப்ஆர் க்ளூஜ் திவால் நடைமுறையில் இருந்ததால் ஐரோப்பாவுக்குப் போக முடியவில்லை. அந்த அணி மீண்டது, 2018 முதல் 2022 வரை தொடர்ந்து ஐந்து பட்டம் வென்றது. ஆனால் அப்படி மீண்டவை சில.

ஒட்செலுல் மீளவில்லை. 2014-15 பருவத்தில் முதல் பிரிவை 18 அணியிலிருந்து 14 ஆகக் குறைக்க முடிவெடுத்தார்கள். அதற்காக ஆறு அணிகள் ஒரே நேரத்தில் இறக்கப்பட்டன. ராபிட், பிராஷோவ், யூ க்ளூஜ், காஸ் மெதான், சியாலாவுல் ஆகியவற்றோடு ஒட்செலுலும் போனது. கடன் கழுத்தை நெரிக்கும் அணிக்கு, இரண்டாம் பிரிவின் வருமானத்தில் மூச்சு விட இடமில்லை.

ரசிகர்கள் எடுத்த பாரம்

2016-ல் கலாட்ஸ் ரசிகர்கள் புதிய சங்கம் ஒன்றைப் பதிவு செய்து, நான்காம் பிரிவில், அதாவது மாவட்ட லீகில், ஆட்டத்தைத் தொடங்கினார்கள். மான்செஸ்டரில் ஆடிய பெயர், சுற்றுவட்டாரக் கிராமத் திடல்களில் ஆடியது. இதை அவமானம் என்று சொல்வோர் உண்டு. எனக்கு இந்த மொத்தக் கதையிலும் நேர்மையான பகுதி இதுதான். யாருடைய சம்பளத்தையும் உறையவைக்காமல், கையில் இருப்பதற்கு ஏற்ற இடத்தில் நின்று ஆடினார்கள். 2017-ல் மூன்றாம் பிரிவு. அங்கே நான்கு பருவம். 2021-ல் இரண்டாம் பிரிவு. 2023-ல் மறுபடியும் முதல் பிரிவு. அழைத்து வந்த பயிற்சியாளர் அதே முன்டியானு.

2024 மே மாதம் சிபியு நகரில் ருமேனியக் கோப்பை இறுதி ஆட்டம். எதிரே இரண்டாம் பிரிவின் கோர்வினுல் ஹுனெடோவாரா. அதுவும் எஃகு ஆலை நகரம்; அந்த ஆலையும் ஒரு கட்டத்தில் மிட்டல் கைக்கு வந்தது; அந்த அணியும் ஒருமுறை அழிந்து எழுந்தது. ஆட்டம் 2-2. பெனால்டியில் 3-2 என்று கோர்வினுல் வென்று, ஐரோப்பா லீக் தகுதிச் சுற்றுக்குப் போய், அங்கே ஹங்கேரியின் பக்ஷ் அணியையும் வென்றது.

கலாட்ஸ் ஆலையை மிட்டலின் நிறுவனம் 2019-ல் சஞ்சீவ் குப்தாவின் லிபர்ட்டி குழுமத்துக்கு விற்றுவிட்டது. 2021-ல் அந்தக் குழுமத்துக்குக் கடன் கொடுத்துவந்த கிரீன்சில் திவாலானது. கலாட்ஸ் உருக்காலையே கடன்காரர்களோடு பேச்சு நடத்தும் நிலைக்கு வந்தது. அணியைப் பெற்று வளர்த்த ஆலையிடம் இனி அணி எதையும் எதிர்பார்க்க முடியாது. நகராட்சி, சிறு விளம்பரதாரர்கள், நுழைவுச் சீட்டு வாங்கும் ரசிகர்கள் ஆகியோரைக் கொண்டே அது ஒவ்வொரு பருவத்துக்கும் உரிமம் வாங்க வேண்டும்.